ஃபா படியாத விரல்

மே மாதத்தின் கடைசி நாள், மாலை நேரம். எங்கள் தெரு மாதா கோவிலின் மூன்று கதவுகளும் திறந்திருந்தன. இருந்தும் காற்று இல்லை. பாடகர் பெஞ்சுக்குப் பின்னால் ஒரு முக்காலியில், மடியில் கித்தாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது.

அங்கிருந்து எனக்குத் தெரிந்தது என் மனைவி பிலோமியின் முதுகு மட்டும்தான். தலைமேல் இழுத்துவிட்ட முந்தானை, கழுத்தோரம் வியர்வையில் ஒட்டிய முடி, கையில் மடக்கிய பாட்டுப் புத்தகம். அந்தப் புத்தகம் அவளுக்குத் தேவையில்லை. அதிலிருக்கும் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் இரண்டு வருடமாக அதைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை முடிந்து, மாதா பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. அடுத்தது பாட்டு. பாட்டுக்கு நான் வாசிக்க வேண்டும். நான் வாசித்தால் அவள் பாடுவாள். அவள் பாடிவிட்டால் பிரான்சுக்குப் போகலாம் என்று மறுபடி கேட்க மாட்டாள். இப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கணக்கு பலித்ததா என்று சொல்வதற்கு முன், அந்த முக்காலிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். போன வாரம் இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதியதில் நான்கு வரி அச்சில் காணாமல் போயிருந்தது. இந்த வாரமும் இடம் போதாவிட்டால் ஆசிரியர் என்னைப் பற்றிய வரிகளை வெட்டிக்கொள்ளட்டும். பிலோமி வருகிற இடத்தில் கை வைக்க வேண்டாம்.

சுதி கொடுத்தவர்

பிரெஞ்சுக் காலத்தில் நான் துவானில் வேலை பார்த்தேன். துவான் என்றால் சுங்கம். ஊர் எல்லையில் சாவடி போட்டு, உள்ளே வருகிறதையும் வெளியே போகிறதையும் எண்ணுவதுதான் அங்கே வேலை. துணிக் கட்டு எத்தனை, சீசா எத்தனை, கோழி எத்தனை. எண்ணி எண்ணி அது என் குணமாகவே ஆகிவிட்டது. பூசையில் மெழுகுவர்த்தியை எண்ணுவேன். பந்தியில் அப்பளத்தை எண்ணுவேன். பிரெஞ்சுக் கொடி இறங்கியது. எல்லை போயிற்று, சாவடியும் போயிற்று. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. புதிய சர்க்கார் என்னை வேறோர் ஆபீசில் கணக்கு எழுத உட்கார வைத்தது.

சாவடியில் இருந்த காலத்தில்தான், ஒருநாள் மழைக்கு ஒதுங்கி அந்தச் சின்னக் கோவிலுக்குள் நுழைந்தேன். நனைந்த சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது உள்ளே ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் மேலே போகப் போக, மண்குடத்தில் தண்ணீர் நிறையும்போது சத்தம் மெல்லிதாகிக்கொண்டே உயருமே, அப்படி உயர்ந்தது. மழை விட்ட பிறகும் நான் வெளியே வரவில்லை. அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம்.

அவளுக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் கபிரியேல். பிலோமியின் அண்ணன், அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் காலராவில் போய்விட, ஐந்து வயதுத் தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவர். பாடக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். இடது கையால் துருத்தியை அழுத்தி வலது கையால் ஒரு கட்டையைத் தொடுவார். அவ்வளவுதான், பிலோமி வாயைத் திறந்துவிடுவாள்.

வீட்டிலும் பாடுவாள். அரிசி களையும்போது, கிணற்றில் கயிறு இழுக்கும்போது, என் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது. குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் எல்லம்மா கூடையை எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பாட்டு முடிந்த பிறகுதான் குரல் கொடுப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் வீடு காலியாக இருந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கபிரியேல் மச்சான் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகஸ்தர். கொடி இறங்கி இரண்டு வருடம் கழித்து, பிரான்சுக்கே வேலை மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். ஸ்டேஷனில் விழுப்புரம் வண்டி நகர்ந்தபோது பிலோமி அழவில்லை. ஜன்னலில் தெரிந்த அவர் கையைப் பார்த்தபடி பிளாட்பாரத்தின் கடைசிக் கல் வரைக்கும் நடந்தாள். பிறகு திரும்பி வந்து, “போலாங்க” என்றாள்.

ஆர்மோனியத்தைக் கோவிலுக்கே விட்டுப் போயிருந்தார். வாசிக்க ஆள் இல்லை. அந்த ஐப்பசி மழையில் துருத்தி பூஞ்சை பிடித்து மூச்சு விடாமல் போயிற்று.

பிலோமியும் நிறுத்திவிட்டாள்.

“ஏன் பாடல?” என்று கேட்டேன்.

“வரல.”

“தொண்டையா?”

“தொண்டை நல்லாத்தான் இருக்கு. அண்ணன் சுதி குடுப்பாரு, நான் எடுப்பேன். சின்னப் புள்ளையிலேருந்து அப்படியே பழகிட்டேன். யாரும் குடுக்கலன்னா எங்க காலை வெக்கிறதுன்னே தெரியலங்க.”

கோவிலில் வரவில்லை என்றால் வீட்டிலாவது வருமென்று நினைத்தேன். வீட்டிலும் வரவில்லை. அரிசி களைகிற சத்தம் மட்டும் கேட்டது. அரிசி களைவதற்கு இவ்வளவு சத்தம் வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மச்சான் எங்களையும் அங்கே வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் சோறு போட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே பிலோமி கேட்டாள்:

“போயிடலாமாங்க?”

“இங்க எல்லாம் விட்டுட்டா?”

“இங்க என்ன இருக்கு?”

நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நானும்தானே கூடப் போவேன், அது எப்படிப் பதிலாகும்? அதுவரை நான் ஊரை விட்டு அதிகம் போனது கடலூர் வரைக்கும்தான். எனக்குப் பயமாக இருந்தது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாள். இருந்திருப்பாள்தான், இந்த இரண்டு வருடமாக இருந்தாளே, அப்படி. எனக்கு வேண்டியது அது இல்லை. அவளாக விரும்பி இருக்க வேண்டும்.

சைகோன் மதாம்

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி சூசை குடியிருந்தார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பியவர். திரும்பும்போது அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். ஞானஸ்நானப் பெயர் மத்தில்த். தெருவுக்கு சைகோன் மதாம். என்னைவிட ஏழு வயது இளையவர். அங்கே கன்னியர் மடத்தில் கித்தார் படித்தவர். அது அவர்கள் கூடத்துச் சுவரில், ஆணியில் தொங்கும்.

மதாமின் தமிழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னிடம் பிரெஞ்சிலேயே பேசியிருக்கலாம், எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் இருந்தால் இந்த ஊர்ப் பேச்சுதான் என்று பிடிவாதம். அந்தப் பேச்சை அவர் கற்றுக்கொண்டது எல்லம்மாவிடம், மீன் பேரம் பேசிப் பேசி. ஆகவே ‘நீங்கள்’ ‘வாருங்கள்’ எல்லாம் அவருக்குத் தெரியாது. அதை ஈடுகட்ட எல்லாவற்றுக்கும் ஒரு முசே, அதாவது ஐயா, போட்டுக்கொள்வார்.

“இன்னாத்துக்கு வந்த, முசே?”

“கித்தார் கத்துக்கணும், மதாம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

அவர் என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல இருந்தது.

“பேனா புடிச்ச வெரலு. பச்சப் புள்ள மாதிரி இருக்குது. அயுவும். பரவால்ல, ஒக்காரு.”

கபிரியேல் போன பிறகு கோவிலில் பாட்டில்லை, என் மனைவிக்காக என்று சொன்னேன். மதாம் சுவரில் இருந்து கித்தாரை எடுத்துவிட்டு, சற்று நேரம் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன்மார் எந்த ஊரில் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் பாடம் இப்படி ஆரம்பித்தது. ஒரு கம்பியில் விரலை வைத்து மீட்டினார்.

“தோ.”

“எங்கே?” என்றேன்.

“தோ!”

“அதான் எங்கேங்கிறேன்.”

மதாம் இன்னும் பலமாக மீட்டினார். “தோ! தோ!” நான் குனிந்து கித்தாரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த சூசை சிரிப்பில் புரையேறி உள்ளே வந்தார். “யோவ், அவ எதையும் காட்டலய்யா. அந்தச் சுரத்துக்குப் பேரே தோ. தோ, ரே, மி. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துலதான படிச்ச?”

படித்தேன்தான். பாட்டு வகுப்பில் மட்டும் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, சும்மா இருந்தால் போதும் என்றார்கள்.

ஆறு கம்பிக்கும் பெயர் கற்றேன். மி, லா, ரே, சோல், சி, மி. இந்த சி கம்பிதான் அடிக்கடி அறும். ஒரு காலை எல்லம்மா கூடையோடு வாசலில் நிற்கும்போது அது பட்டென்று போயிற்று. “சி!” என்று மதாம் கத்தினார்.

“அறுந்தா அறுந்துட்டுப் போவுது. அதுக்கு ஏன் என்னயப் பாத்து சீங்கிற?” என்றாள் எல்லம்மா.

விஷயத்தைச் சொன்னோம். சைகோனிலிருந்து கொண்டுவந்த கம்பிகள் தீர்ந்துபோயிருந்தன. மறுநாள் எல்லம்மா மடியிலிருந்து ஒரு சுருளை எடுத்துப் போட்டாள். அவள் வீட்டுக்காரரின் தூண்டில் நரம்பு.

“இத்தக் கட்டிக்க. வாள மீனயே தாங்குது, உன் பாட்டத் தாங்காதா?”

தாங்கியது. அந்த ஒரு கம்பி மட்டும் கொஞ்சம் மூக்கால் பேசும்.

ஸ என்றால் தோ

விரல் நுனி நான்கும் கன்றிப்போயின. ரசம் சோறு பிசைந்தால் புளி சுர்ரென்று ஏறும். இடது கையால்தானே கம்பியை அழுத்துகிறாய், சாப்பிடுவது வலது கைதானே என்று கேட்பீர்கள். மீட்டுகிற கையும் தேய்கிறது, ஐயா. நான் நகத்தை ஒட்ட வெட்டுகிறவன். ஆபீசில் அடிக்கோலின் பின்பக்கம் ஆறு கோடு கிழித்து, மேஜைக்கு அடியில் வைத்து விரல் வைத்துப் பழகினேன். மேலதிகாரி ஒருமுறை பார்த்துவிட்டு, என்ன அளக்கிறாய் என்று கேட்டார். அடிக்கோலைத் திருப்பிப் பேரேட்டில் ஒரு கோடு போட்டேன்.

மதாமுக்கு என்னிடம் ஒரே ஒரு குறை. “எண்ணாத, முசே. ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. இன்னா, மீனு கூறு போடறியா? கேளு. காதால கேளு.”

எண்ணாவிட்டால் எனக்குக் கை நகராது. வாய்க்குள் எண்ணிக்கொண்டேன்.

எந்தச் சுதியில் பாட்டை வாசிப்பது என்ற கேள்வி ஆரம்பத்திலேயே வந்தது.

“பிலோமி எதுல எடுக்கும்?” என்றார் மதாம்.

“ஸாவுல.”

“ஸா இன்னா?”

“அதான் மொதல் சுரம். அங்கேருந்துதான் எல்லாம்.”

“மொதல் சுரம் தோ.”

“அப்போ தோதான்.”

இருவரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டோம். இவ்வளவு சுலபமாக ஒத்துப்போகிற இரண்டு பேர் பெரும்பாலும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை நான் சாவடியிலேயே கற்றிருக்க வேண்டும்.

தோவில் வாசிக்க, கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற மூன்று பிடிகள் வேண்டும். தோ, ஃபா, சோல். தோ இரண்டு வாரத்தில் வந்தது. சோலும் வந்தது. பழக்கத்துக்காக மதாம் ரேயும் லாவும் சொல்லிக் கொடுத்தார். அவையும் முதல் மாதத்திலேயே வந்துவிட்டன. வராதது ஃபா.

ஃபாவுக்கு ஆள்காட்டி விரலை ஆறு கம்பி மேலும் படுக்க வைத்து ஒரே சீராக அழுத்த வேண்டும். மற்ற விரல்கள் அதற்கு மேலே வேறு வேலை பார்க்க வேண்டும். என் விரல் இரண்டாவது கணுவில் கொஞ்சம் வளைந்தது. அந்த வளைவில் ஒரு கம்பி தப்பித்துக்கொண்டு, கட்டையில் ஆணி அடித்ததுபோல ‘டொக்’ என்னும். கார்த்திகை முழுவதும் டொக். மார்கழி முழுவதும் டொக்.

எல்லம்மா தெருவில் போகும்போது கேட்பாள்: “இன்னா முசே, வேலி கட்டி முடியலியா?” ஒருநாள் அதோடு நிற்கவில்லை. எங்கள் வாசலில் கூடையை இறக்கிவிட்டு பிலோமியிடமே கேட்டாள். “ஏம்மா, நீ பாடும்போது இந்தக் கூட கனமே தெரியாது எனக்கு. ரெண்டு வருசமா தலை வலிக்குது. வீட்டுக்காரரு கம்பியத் தட்டிக்கினு கீறாரு, நீ வாயக் கட்டிக்கினு கீற. இன்னா குடும்பம் இது?”

பிலோமி சிரித்தாள். அவள் சிரித்ததே அபூர்வமாக இருந்தது. எல்லம்மா போன பிறகு என் இடது கையை எடுத்துப் பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவினாள்.

“இந்த வயசுல ஏங்க இப்படிப் படுத்திக்கிறீங்க?”

“சும்மாதான்.”

“அண்ணன் அவரு ஆபீசுல ஒரு எடம் பேசி வெச்சிருக்காராம். உங்களுக்கு. ஜூன் பொறக்கறதுக்குள்ள ஆமா, இல்லன்னு ஒண்ணு சொல்லணுமாம்.”

“மே வரட்டும், மாதா மாசம் முடியட்டும். சொல்றேன்.”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். வா, ஒருமுறை சேர்ந்து பாடிப் பார்க்கலாம் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால் என் கணக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கோவிலில், சனம் நிற்கும்போது, மாதா முன்னால், வாத்தியம் ஒலித்தால் அவளுக்குத் தானாக வந்துவிடும் என்று நம்பினேன்.

சாமியின் அனுமதி

அந்தக் காலத்தில் பூசை லத்தீனில் நடக்கும். அதில் கித்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மே மாதம் மாலையில் நடப்பது பூசை அல்ல, ஜெபமாலையும் தமிழ்ப் பாட்டும்தான். பங்குக் குருவான சாமியிடம் போய் நின்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

“அது சாராயக்கடையில சொல்தாக்கள் வாசிக்கிறது இல்லியா?”

“இது கன்னியர் மடத்துல படிச்ச கித்தாரு, சாமி.”

“பூசைக்கு வெளியேன்னா வாசி. ஆனா காலை ஆட்டக் கூடாது.”

“சரிங்க சாமி.”

“என்னென்ன பாட்டு தெரியும்?”

“ஒண்ணே ஒண்ணு.”

“அப்போ கடைசி நாளைக்கு வாசி” என்றார். ஒரு மாதம் முழுவதும் அதையே கேட்க அவருக்குப் பொறுமை இல்லை என்று நினைக்கிறேன்.

பங்குனியில் ஃபா வந்தது. ஒருமுறை வந்தது, மறுமுறை வரவில்லை. சித்திரையில் நான்குக்கு மூன்று வந்தது. அந்த நான்காவதை எண்ணித்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முக்காலியில்

பிரார்த்தனை முடிந்தது. சாமி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஆரம்பித்தேன்.

தோ. பிறகு ஃபா. ஒரு கம்பி கூடத் தப்பவில்லை. ஆறும் சேர்ந்து முழுசாக ஒலித்தன. இத்தனை மாதத்தில் அப்படி வந்ததே இல்லை. மூக்கால் பேசும் தூண்டில் நரம்பு கூட அன்றைக்கு ஒழுங்காகப் பேசியது. சோல். மறுபடி தோ.

பிலோமி பாடவில்லை.

முன்னிசையை இன்னொரு சுற்று வாசித்தேன். பெஞ்சிலிருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். மூன்றாவது சுற்று. அவள் தோள் மேலே எழுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மூச்சு எடுக்கிறாள்.

எடுத்தாள். ஆனால் என் கித்தார் இருந்த இடத்தில் இல்லை, அதற்கு ஒரு படி மேலே.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரு வாசலில் நுழைந்து இடித்துக்கொண்டது போலாயிற்று. எங்கே தப்பு என்று தெரியாமல் நான் இன்னும் அழுத்தி வாசித்தேன். அவள் என் பக்கம் இறங்கி வரப் பார்த்தாள். அங்கே அவள் குரல் எட்டவில்லை. கரகரத்து, இரண்டு வார்த்தையில் அறுந்தது. பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிலோமியின் கழுத்து தாழ்ந்தது.

நான் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன். முடிந்தது என்று நினைத்தேன். பாட்டு மட்டுமில்லை. வீடு, தெரு, ஊர் எல்லாமே.

மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. மாதா சுரூபத்தைப் பவனிக்குத் தூக்க நின்ற நான்கு பெண்களும் குனிந்தபடியே காத்திருந்தார்கள். பாட்டு இல்லாமல் அதைத் தூக்குகிற வழக்கம் இல்லை.

அப்போது பிலோமி அதே பாட்டை, அவளுடைய அந்த மேல்படியிலிருந்து மறுபடி எடுத்தாள். யாரும் சுதி கொடுக்கவில்லை. முதல் அடியில் குரல் நடுங்கியது. இரண்டாவது அடியில் நிலைத்து நின்றது. மூன்றாவதில் மேலே போக ஆரம்பித்தது.

சுரூபம் எழுந்தது. பெண்கள் நடந்தார்கள். வாசலில் எல்லம்மா தலையில் கூடை இல்லாமல் நின்றிருந்தாள். அவள் வழிவிட்டு ஒதுங்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் முக்காலியில் உட்கார்ந்து, கம்பிகளை ஒரு சத்தமும் வராமல் பிடித்துக்கொண்டு கேட்டேன். அன்றைக்கு எத்தனை சரணம் பாடினாள் என்று எனக்குத் தெரியாது.

பிலோமி கண்ணை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டில் பதிவு செய்கிற கருவி ஒருநாளும் இருந்ததில்லை. பாட்டின் வார்த்தைகள் எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. எந்த அடியில் மூச்சு எடுப்பாள் என்பதும் நினைவிருக்கிறது. குரலை மட்டும் கொண்டுவர முடியவில்லை. குடத்தில் தண்ணீர் நிறைகிற மாதிரி என்று மேலே எழுதியிருக்கிறேன். அது குடத்தின் சத்தம்தான், அவளுடையது இல்லை. சில காலைகளில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அது நிரம்பி வழிகிற வரைக்கும் நிற்கிறேன். தண்ணீரை வீணாக்குவதாக மாடி வீட்டுப் பெண் கோபிக்கிறாள்.

வீடு வரை

எல்லாரும் கலைந்த பிறகு மதாம் தூணருகில் என்னை மடக்கினார். கண் சிவந்திருந்தது. ஆனால் வாயில் வந்தது கோபம்.

“ரே, முசே! அவ ரேயில பாடுது! ஸா தோன்னு எவன் சொன்னான்?”

“நீங்கதான்...”

“நீதான் சொன்ன! ரேக்கு ஃபாவே வேணாம். ரே, சோல், லா. மூணும் உனக்கு மொத மாசமே வந்துச்சே!”

எனக்குப் புரிய நேரமாயிற்று. பிரெஞ்சுக்காரர்களின் தோ மைல்கல் மாதிரி. யார் வந்தாலும் போனாலும் அது நட்ட இடத்திலேயே நிற்கும். நம்முடைய ஸ அப்படி இல்லை. பாடுகிறவள் எங்கே நிற்கிறாளோ அதுதான் ஸ. கபிரியேல் அவளுக்கு ஸ கொடுத்தது ஆர்மோனியத்தின் இரண்டாவது கட்டையில். அது மதாமின் கணக்கில் ரே. இந்த ஊரில் இரண்டையும் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருந்தவன் நான். இப்படி ஒரு தப்பை என்னால்தான் செய்ய முடியும். ஃபாவோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த ஃபாவே வேண்டியிருந்திருக்காது.

பிலோமியும் நானும் வீட்டுக்கு நடந்தோம். மறுநாள் ஆணியில் மாட்டித் தருவதாகச் சொல்லி, கித்தாரைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் பக்கம் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு ஒரு பொறாமையும். அவளுக்கு யாரும் தேவைப்படவில்லை. இனி எந்த ஊரில் வேண்டுமானாலும் அவளால் பாட முடியும். மச்சானிடம் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

“கெடுத்துட்டேன்” என்றேன்.

“ஆமா” என்றாள். பிறகு, “நல்லாவே கெடுத்தீங்க” என்று சிரித்தாள். முந்தானை தலையிலிருந்து நழுவியிருந்தது. அவள் அதை இழுத்துவிடவில்லை. “எனக்கு ரெண்டு கட்டைங்க. அண்ணன் ஒருநாளும் ஒண்ணுல எடுத்ததில்ல. ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்ன?”

“கேட்டா வரமாட்டேன்னு சொல்லிடுவியோன்னு...”

“எங்க வரமாட்டேன்?”

நான் கித்தாரை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் என் இடது கையை ஒருமுறை பார்த்தாள். அந்த எண்ணெய் எதற்கு, அந்த டொக் எதற்கு என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

“நீங்க நிறுத்தினீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு எடம் தெரிஞ்சுது. எதுல எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சா எதுல எடுக்கணும்னு தெரிஞ்சிடும்போல.” சொல்லிவிட்டு அவளே அதற்குச் சிரித்தாள். “அடுத்த வருஷம் ரெண்டுல வாசிங்க. இப்பவே சொல்லிட்டேன். மறுபடி ஒண்ணுல ஆரம்பிச்சீங்கன்னா முக்காலியத் தூக்கி வெளிய போட்டுடுவேன்.”

“ரெண்டுன்னா ரே. அதுல ஃபா வராதாம். ரே, சோல், லாவாம்” என்றேன்.

“எதுவோ. அது உங்க பாடு” என்று சொல்லிவிட்டு, சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நான் கித்தாரின் கழுத்தில் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். ரே, சோல், லா. எவ்வளவு சுலபம். ரேயிலிருந்து சோலுக்கு மாறும்போது எந்த விரலை முதலில் எடுப்பது என்று யோசித்துக்கொண்டே சைகோன் மதாம் வீட்டைத் தாண்டினேன். அதன் பிறகுதான் ‘அடுத்த வருஷம்’ என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.